அம்மி கொத்த ஆள் உண்டா?

எங்கள் வீட்டுக் கொல்லையில் என் மாமியார் காலத்து அம்மி ஒன்று இன்னும் இருக்கிறது. நான் கல்யாணமாகிக் கும்பகோணம் வந்த புதிதில், தெருவில் "அம்மி கொத்தறது... ஆட்டுக்கல் கொத்தறது..." என்று குரல் கேட்டால் போதும், மாமியார் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். "அம்மி பழசாகிறது தப்பில்லம்மா. கொத்தாம விட்டாத்தான் தப்பு" என்பார். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குப் புரிய இருபது வருஷமும் ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டன.

எங்களுக்கு ஒரு சிறிய மளிகைக் கடை. 2012இல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் 7 போட்டது. ஸ்டாக், பில், மாதக் கணக்குக் குடும்பங்களின் பற்றுவரவு எல்லாம் அதற்குள் போயிற்று. அதுவரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். சாமான் வாங்கும்போது கொண்டுவந்து எழுதிப் போவார்கள். "இனி நோட்டு எதுக்கு?" என்று நிறுத்தியது நான்தான். மத்தியானங்களில் கணக்குப் போடுகிறவள் நான் அல்லவா? வேலை குறைந்ததே என்ற சந்தோஷம்.

2020 ஜனவரியில் ஒருநாள், கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரை முழுக்க ஏதோ அறிவிப்பு. ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகன் படித்துவிட்டு, "அத்தை, ஜனவரி 14ஆம் தேதியோட விண்டோஸ் 7ஐப் பராமரிக்கிறதை கம்பெனி நிறுத்திட்டாங்க. இனிமே இதுல ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் கிடையாது. புதுசு வாங்கிடுங்க" என்றான்.

விலை கேட்டேன். முப்பத்தைந்தாயிரம் என்றான். என் கணவர் யோசித்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். "நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்குங்க மாத்தணும்? ஓட்டையாவது, ஒடிசலாவது!" அந்தப் பணத்தில் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வாங்கினோம். பழைய ஃபிரிட்ஜில் பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் திரிந்தது தெரியவில்லை.

2022 அக்டோபர், தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. மொத்த வியாபாரியிடமிருந்து வந்த பில் போல ஒரு மெயில். அவசரத்தில் இவர் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை என்று மூடிவிட்டார். மறுநாள் காலை பார்த்தால் ஒரு கணக்கும் திறக்கவில்லை. திரையில் இங்கிலீஷில் ஒரு கடிதம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பிட்காயினில் பணம் அனுப்புங்கள் என்று!

"பென் டிரைவ்ல காப்பி இருக்கே" என்று நான் தைரியம் சொன்னேன். அந்தப் பென் டிரைவை நாங்கள் கழற்றியதே இல்லை. வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்தது. திருடன் அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தான். வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்.

பணத்தைக் கொடுத்துத் தொலைக்கலாமா என்றார் இவர். "கொடுத்தாலும் சாவி வரும்னு நிச்சயம் இல்ல மாமா" என்று அண்ணன் மகன் தடுத்துவிட்டான். போலீசில் புகார் கொடுத்தோம். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்தவரை விவரங்கள் அரசாங்க இணையதளத்தில் பத்திரமாக இருந்தன. போனது பற்றுக் கணக்கு. அறுபத்து நான்கு குடும்பங்களின் பாக்கி!

"நீங்க எவ்வளவு தரணும்?" என்று வாடிக்கையாளரிடமே கேட்கிற நிலைமை எந்தக் கடைக்காரிக்கும் வரக்கூடாது. நாங்கள் கொடுத்திருந்த பில் சீட்டுகளில் எண்ணெய்க் கையும் வெளிச்சமும் பட்டு எழுத்து மங்கிப் போயிருந்தது. சிலர் மனசாட்சிப்படி சொன்னார்கள். சிலர், "போன மாசமே கொடுத்தாச்சே" என்றார்கள். நிஜமாகவே மறந்தார்களா, இல்லையா என்று எப்படிச் சொல்வது? யார்மேலும் சந்தேகப்படப் பிடிக்காமல், சந்தேகப்படாமலும் இருக்க முடியாமல் அந்தத் தீபாவளி போயிற்று.

தெருமுனையில் இட்லிக் கடை போடும் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மகளை விட்டு நாட்காட்டித் தாளில் குறிக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்தத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "நாலாயிரத்து இருநூறு பாக்கி கண்ணு. ரெண்டு தவணையா தர்றேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய நாட்காட்டி செய்த வேலையை எங்கள் கம்ப்யூட்டர் செய்யவில்லையே!

கடைசியில் நாற்பதாயிரத்துக்கு மேல் வராமலே போயிற்று. மிச்சம் பிடித்ததாக நான் நினைத்த முப்பத்தைந்தாயிரத்தைவிட அதிகம்.

"புதுசு வாங்கியிருந்தா இது நடந்திருக்காதா?" என்று அண்ணன் மகனைக் கேட்டேன். "நடக்கவே நடக்காதுன்னு சத்தியம் பண்ண முடியாது அத்தை. ஆனா ஓட்டையை அடைச்சுக்கிட்டே இருக்கிற வீட்டுல திருடன் நுழையறது கஷ்டம்" என்றான். பிறகு ஒரு விஷயம் சொன்னான். 2017 மே 12ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற இதே மாதிரிப் பூட்டு நச்சு நிரல் நூற்றைம்பதுக்கும் அதிகமான நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் தடுமாறிப் போயின. நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்களில் 19 ஆயிரத்துக்கும் மேல் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வெளியிட்டது. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன. அம்மி கொத்துகிறவர் வாசலில் வந்து கூவியும், அம்மியை வெளியே எடுத்து வைக்காதது போல!

அப்போதுதான் மாமியார் சொன்னது புரிந்தது. பழசு என்பது குற்றமில்லை. கொத்த ஆள் இல்லாத பழசுதான் ஆபத்து. குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் மாற்றுகிறோமே, அதே கவனம் இதற்கும் வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே மசாலாப் பொடி, தையல், சேலை வியாபாரம் என்று செய்யும் சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. உங்கள் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான பராமரிப்பு முடிந்துவிட்டது. 'அப்டேட்' என்று வந்தால் "அப்புறம்" என்று தள்ளாதீர்கள். மாற்ற வசதியில்லாத பழைய கம்ப்யூட்டர் என்றால் இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிப் பென் டிரைவையும் அதில் செருகாதீர்கள். கணக்கை வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் அவ்வப்போது திறந்தும் பாருங்கள். ஏமாந்து பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

இப்போது கடையில் புதுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மாதக் கணக்குக் குடும்பங்களுக்குச் சின்ன நோட்டும் மறுபடி வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் இவர் கடை சாத்தும்போது, "அம்மி கொத்தியாச்சா?" என்று கேட்கிறேன். "ஆச்சு, ஆச்சு" என்று பென் டிரைவைக் கழற்றி என் கையில் கொடுக்கிறார்.