ஒளியில் தெரிந்த சித்திரம்

புழலில் உள்ள எங்கள் இல்லத்து அலமாரியில் பழைய பீங்கான் குடுவை ஒன்று இருக்கிறது. பருத்த துறவி ஒருவரின் உருவம், தலையே மூடி. ஜெர்மானியர் பீர் அருந்துவதற்கென்று செய்தது. மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், துறைமுகத்தில் மூட்டை சுமந்த எங்கள் தந்தையார் சம்பள நாளன்று அங்கே அதை வாங்கி வந்தார். “குடிக்கிற வீட்டுக்குக் குடிக்கிற சாமியார் வேறா?” என்று அம்மா அழுதார். அன்றுமுதல் தந்தையார் இரவுதோறும் மது அருந்தியது அதில்தான்.

ஈரல் கெட்ட பின்னரே அவர் குடியை விட்டார். இறுதி இரண்டாண்டுகள் ஒரு துளியும் தொடவில்லை.

அவரை அடக்கம் செய்த ஏழாம் நாள், குடுவையைத் துடைத்துச் சன்னலோரம் உயர்த்தியபோது திகைத்தோம். உள்ளே, அடிப்பகுதியில், மலையோரக் குடிசையும் வாசலில் காத்திருக்கும் பெண்ணும் ஒளியாய்த் தெரிந்தனர்.

நினைவுத் திருப்பலிக்கு வந்திருந்த, ஜெர்மனியில் பயின்ற குருவானவர் விளக்கினார். மெழுகில் செதுக்கி அச்செடுத்து வார்ப்பார்களாம். பீங்கான் மெலிந்த இடம் வெளிச்சமாகும், தடித்த இடம் நிழலாகும். துரிங்கியாவின் பிளாவே ஊரில் ஷீர்ஹோல்ட்ஸ் ஆலை இத்தகைய உருவக் குடுவைகளுக்குப் பெயர்பெற்றது. துறவி உருவமும் கேலிக்கன்று. மியூனிக் நகரின் பெயரே துறவியரைக் குறிப்பது; அங்கே பவுலானர் துறவியர் 1634-லேயே பீர் காய்ச்சினர். திட உணவை விலக்கும் தவக்காலத்தில் அதுவே அவர்களுக்கு ஊட்டம். எங்கள் குடுவையின் அடியில், வடிவுரிமையைக் குறிக்கும் ‘மூஸ்டர்ஷுட்ஸ்’ என்ற சொல் மட்டுமே உண்டு. சித்திரத்தைச் செதுக்கிய கைகளுக்குப் பெயரில்லை.

அந்தக் கைவினைஞர் தம் சித்திரத்தைப் பாத்திரம் காலியான பிறகு, அதுவும் ஒளியை நோக்கி உயர்த்துகிறவருக்கே தெரியுமாறு மறைத்து வைத்தார். நாங்களோ தந்தையாரை அவருள் நிறைந்திருந்த மதுவைக் கொண்டே அளந்தோம். அது வடிந்துபோன இரண்டாண்டுகளிலும், அவர் வெளியே சென்று திரும்பும்போதெல்லாம் ஐயத்துடன் வாயை முகர்ந்தோமேயன்றி, முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு உள்ளே போவார்.

மன்னிப்பு என்பது பழையதை மறப்பது என்றே எண்ணியிருந்தோம். மாறிய மனிதரை ஒருமுறையேனும் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதும் மன்னிப்பே என்பதைக் காலம் கடந்து அறிந்தோம். வீட்டில் திருந்திய ஒருவரைப் பெற்றிருப்போர் இத்தவற்றைச் செய்யாதிருப்பாராக.

சென்ற மாதம் குடுவையில் பூ வைக்க முனைந்தோம். அம்மா தடுத்தார்.

“ஒன்றும் வைக்க வேண்டாம். காலியாகவே இருக்கட்டும்.”