மாசி மாதச் சாலையும் நம் பைக்கும்



தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த வருடமும் அப்படித்தான். விடியற்காலையில் வயல் தெரியாமல் பனி மூடுகிறது. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சம்பா அறுவடை நேரம். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கே போனாலும் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வெளியூரிலிருந்து நீங்கள் பலரும் வருவீர்கள். வந்ததும் வீட்டில் நிற்கும் பைக்கைத்தான் எடுப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த இருவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஒருவன் கட்டிலில். தொடை எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். இன்னொருவன் வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் குவித்து வைத்திருந்த நெல்லில்தான் இவன் ஏறி விழுந்திருக்கிறான். இரவு ஏழரை மணி. கறுப்புப் படுதா, அது பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கல். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூச, குவியல் தெரியவில்லை. ஓடிவந்து தூக்கியதும், 108-க்குப் போன் செய்ததும் நெல்லுக்கு உரியவன்தான். ஹெல்மெட் இருந்ததால் உயிர் தப்பியது.

"களத்துக்கு நான் எங்கே டீச்சர் போவேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் கையால் அறுத்து, அரி காய்ந்த பிறகு கட்டிக் களத்துக்குக் கொண்டுபோய் அடிப்போம். இப்போது மெஷின் அறுக்கும்போதே நெல்லைப் பிரித்துக் கொட்டிவிடுகிறது. ஈரம் அப்படியே இருக்கும். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்பது கணக்கு. களங்கள் குறைந்துபோன ஊரில், சூடேறும் தார்ச்சாலைதான் அவனுக்குக் களம். எனவே சாலையில் நெல் இருக்கத்தான் போகிறது. அது இருக்கும் என்று எண்ணியே நீங்கள் வண்டி ஓட்ட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். அதன் பிறகு நல்ல காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக மொத்தம் 40 மீட்டர். டிம் வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியுமா? 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 21 மீட்டரில் நின்றுவிடலாம். வேகம் பாதியானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கால்வாசி ஆகிவிடும். நம் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அதற்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம்.

நெல், வைக்கோல், மிதிபட்டுப் பிரிவதற்காகப் பரப்பிய உளுந்துச் செடி, இவற்றின் மேல் இந்தக் கணக்கும் செல்லாது. உளுந்து டயருக்கு அடியில் பால்ரஸ் போல உருளும். அங்கே திடீர் பிரேக் வேண்டாம், ஹேண்டிலைத் திருப்பவும் வேண்டாம். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, வண்டியை நேராக வைத்துக்கொண்டு மெதுவாகக் கடந்து போங்கள். டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்து வரும் களிமண்ணும் அப்படித்தான். வெயிலில் கல்லாகக் கிடக்கும், காலைப் பனியில் வழுக்கும்.

பனி நேரத்தில் ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படியும். ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். பனிக்குள் பிரைட் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், டிம் போதும். வைக்கோல் ஏற்றிய வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். அது வலப்பக்கம் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று பார்க்காமல் முந்தவும் வேண்டாம். மாதக்கணக்கில் நின்ற பைக் என்றால் டயரில் காற்று, இரண்டு பிரேக், பின் விளக்கு மூன்றையும் பார்த்த பிறகே வாசலைத் தாண்டுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும், அதுவும் சட்டம்தான். பெண் பிள்ளைகள் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

ஊரில் விவசாயம் பார்க்கும் என் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வளைவிலும் பாலத்து ஏற்றத்திலும் நெல் போடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் அள்ளிவிடுங்கள். முடியவில்லை என்றால் குவியலைச் சாலைக்கு வெளியே தள்ளுங்கள். கறுப்புப் படுதாவின் மேல் ஒரு வெள்ளைச் சாக்கையாவது விரித்து வையுங்கள். கல்லுக்குப் பதிலாக மணல் மூட்டை வைக்கலாம். நெல்லை அள்ளும்போது கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் நின்று உதவுங்கள். உதவியவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டமும் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

கட்டிலில் இருப்பவன் எழுந்து நடக்க மூன்று மாதமாவது ஆகும் என்கிறார்கள். இன்னொருவனுக்கு அதுவரை தூக்கம் வராது. என்னிடம் படித்த யாருக்கும் இந்த இரண்டு நிலையும் வரக்கூடாது. ஊருக்குக் கிளம்பும் முன் உங்கள் தம்பி தங்கைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்