கடன் தீர்ந்த பின்னும் ஒரு சுங்கம்

சுங்கம் என்னும் சொல்லைத் தமிழர் விரும்பி ஏற்றதாகத் தெரியவில்லை. முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ எனச் சரித்திரம் போற்றுகின்றது. சுங்கம் விதித்த அரசன் எவனையும் அச்செயலுக்காகப் போற்றக் காணோம். வழியை மறித்துக் காசு கேட்பவனிடம் எவருக்குத்தான் பிரியம் உண்டாகும்? ஆயினும், நகரங்கள் பல தம் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் சுங்கத்தையே நம்பி நிற்கும் இக்காலத்தில், இவ்வெறுப்பு எவ்வளவு நியாயமானது என்று நாம் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரின் கடல்வாயிலைக் கடந்து நிற்கும் கோல்டன் கேட் பாலமாகும்.

பாலம் தோன்றுமுன் அந்நீரிணையைப் படகிலேதான் கடக்க வேண்டியிருந்தது. பாலம் அமைப்பதற்கென 1928 ஆம் ஆண்டில் ஒரு சபை நிறுவப்பெற்றது. 1930 நவம்பரில், பொருளாதார மந்தம் நாட்டை வாட்டத் தொடங்கிய வேளையில், ஆறு மாவட்டங்களின் மக்கள் 3 கோடி 50 இலட்சம் டொலர் கடன் பெறுவதற்குத் தம் வாக்கினால் இசைவளித்தனர். அக்கடனுக்கு அவர்தம் வீடுகளும் வயல்களும் வியாபார நிலையங்களுமே பிணையாயின. காணியை ஈடு வைத்துக் கடன்பட்டு அறிந்த நம்மவர்க்கு அதன் பாரம் சொல்லாமலே விளங்கும். 1933 இல் தொடங்கிய வேலை 1937 மே மாதத்தில் நிறைவெய்தியது. ஒரு கார் ஒருமுறை கடப்பதற்குச் சுங்கம் 50 சதம்.

1971 ஆம் ஆண்டிலே கடன் முற்றாகத் தீர்ந்தது. முதலுடன் ஏறக்குறைய 3 கோடி 90 இலட்சம் டொலர் வட்டியும் சுங்கப் பணத்தினாலேயே செலுத்தப்பட்டது. ஈடு மீண்டது; சுங்கம் மட்டும் நிற்கவில்லை.

இக்கதையை வகுப்பில் நாம் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கடனைத் தீர்த்தவனிடம் பின்னும் தவணை கேட்பது முறையாகுமா?” என்று வினவினான். கேள்வி கூரியது. பாலத்தைப் பழுது பார்க்கவும் வர்ணம் பூசவும் பணம் வேண்டுமே என்று கூறி நாம் தப்பியிருக்கலாம். ஆனால் அது பாதி விடையே. மீதி விடை பாலத்தின் நெருக்கடியில் இருந்தது.

பாலத்தில் உள்ளவை ஆறு தடங்களே. நகரத்தின் வடபால் குடியிருப்புகள் பெருகப் பெருக, காலையும் மாலையும் கார்கள் அதனை நிறைத்து நின்றன. இரண்டாவது தளம் ஒன்றை அமைக்கும் யோசனை ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டது. அதன்பின், 1969 இல் கலிபோர்ணியாச் சட்டசபை, பஸ், படகுச் சேவைகளை நடத்தும் அதிகாரத்தை அப்பாலச் சபைக்கே வழங்கியது. 1970 இல் சோசலிற்றோவுக்குப் படகு ஓடியது. 1972 இல் வேலைக்குச் செல்வோருக்கான பஸ்கள் ஓடின. 1976 இல் லார்க்ஸ்பருக்கும் படகு சென்றது. பயணிகளின் கட்டணம் போதாதவிடத்துக் காரோட்டிகள் தந்த சுங்கம் கைகொடுத்தது.

தான் ஏறாத பஸ்ஸுக்குக் காரோட்டி ஏன் பணம் தரவேண்டும்? அந்த பஸ்ஸில் நாற்பது பேர் அமர்ந்திருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்கள் தத்தம் கார்களில் வந்திருப்பின், நம் காரோட்டி பாலத்தின் வாயிலிலேயே காத்து நின்றிருப்பான். பிறருடைய ஆசனத்துக்கு அவன் கொடுத்த காசு, தன் முன்னே வெறுமையான வீதியாக அவனிடமே மீள்கின்றது. எம்மைப் போன்று ஆயுள் முழுவதும் பஸ்ஸிலே செல்வோர் காரோட்டியிடம் தானம் பெறுகின்றோம் எனக் கூச வேண்டுவதில்லை. அவனுக்கு வழிவிட்டுச் செல்கின்றோம்.

நிற்க, இவ்வேற்பாட்டிலும் குறை உண்டு. பஸ் செல்லாத ஊரிலிருந்து நள்ளிரவு வேலைக்குச் செல்லும் ஏழைக்கும் சுங்கம் உண்டு. ஆனால் அவன் ஏறுவதற்குப் பஸ் இல்லை. மேலும், காரிலிருந்து பெறும் பணத்தால் பஸ்ஸை ஓட்டுவோர், கார் குறையுந்தோறும் தம் வருவாயும் குறையக் காண்பர். 2020 இல் பெருந்தொற்றினால் பாலம் வெறிச்சோடியபோது சுங்கமும் வீழ்ந்தது. பஸ், படகுச் சேவைகளும் சுருங்கின. அன்றியும், 2013 முதல் அங்கே காசு வாங்க ஆளில்லை; கருவிகளே வண்டியை அடையாளங்கண்டு கணக்கெழுதுகின்றன. கை நீட்டுபவன் மறைந்துவிட்டால், கொடுப்பது எதற்கு என்னும் கேள்வியும் மறைந்துவிடக் கூடும்.

எமது நாட்டிலும், 2011 இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது முதலாகச் சுங்கம் செலுத்தி ஓடப் பழகிவிட்டோம். எத்தனை ரூபா என்று கேட்கின்றோம். அந்த ரூபா எங்கே செல்கின்றது என்று கேட்பவர் சிலரே. அம்மாணவனுக்கு நாம் அளித்த விடையும் இதுவே: கடன் தீர்ந்த பின்னும் சுங்கம் கேட்கலாம், ஆனால், கேட்பவர் புதிய காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, அதன் கணக்கையும் மக்கள்முன் வைத்தல் வேண்டும்.

அவன் உட்கார்ந்தான், முழுவதும் திருப்தியடைந்ததாகத் தோன்றவில்லை. அத்தகைய குடிமக்கள் இருக்கும்வரை, சுங்கம் பெறுவோர் கணக்கைச் செம்மையாக எழுதுவர் என்று நம்பலாம்.