கடைசி வீட்டுக் குழாய்



போன வாரம் நான் போட்ட பாட்டில் படத்தைப் பார்த்து, "என்ன சார், டீயா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். டீ இல்லை. ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சிற்றூரில், கடைசி வீட்டுக் குழாயில் காலையில் முதலில் வந்த தண்ணீர். கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் செம்மண் போலப் படிந்துவிடும். அந்த வீட்டில் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஓடைப் பக்கத்து ஊற்றுக்குப் போகிறார்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் மாடும் அங்கேதான் குடிக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீடு.

ஊர்த் தொட்டி ஆபரேட்டர் நம்ம பையன், 94 செட். "மாசம் ரெண்டு வாட்டி தொட்டி கழுவுறேன், பிளீச்சிங் போடுறேன், தேதியும் எழுதுறேன். அப்பவும் என்னத்தான் திட்றாங்க சார்" என்றான். ஏறிப் பார்க்க என் முழங்கால் விடவில்லை. செல்போனில் படம் எடுத்துக் காட்டினான். தொட்டி சுத்தம். அழுக்கு இருப்பது பூமிக்கு அடியில், குழாய்க்குள்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டால் துருவாகும். தண்ணீர் மெதுவாகப் போகிற இடத்திலும், குழாய் முடிகிற இடத்திலும் அது படியும். மலையில் குழாய் ஏறி இறங்கிப் போகிறது, பள்ளத்தில் எல்லாம் சேரும். ஒரு வேளை விட்டு நிறுத்துகிற ஊரில் இன்னொரு தொல்லை: காலிக் குழாய், கசிவு வழியாக வெளி அழுக்கை உள்ளே இழுக்கும். போட்ட குளோரினையும் இந்தப் படிவு தின்றுவிடும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். அங்கே மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம், நிறம் மாறவேயில்லை.

"வீட்டுக் குழாயைத் திறந்து விட்டால் போகாதா?" என்றார் ஒருவர். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் விடுவேனா? மூன்று அங்குலக் குழாய். வீட்டில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பிடித்தால், உள்ளே தண்ணீர் விநாடிக்கு நாலு சென்டிமீட்டர்தான் நகரும். எறும்பு வேகம். படிந்ததைப் பெயர்க்க விநாடிக்கு ஒரு மீட்டராவது வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 260 லிட்டருக்கு மேல். அதற்குத்தான் பள்ளத்தில் வாஷ்-அவுட் வால்வு வைப்பார்கள். இங்கேயும் வைத்திருந்தார்கள். வேலை எடுத்தவர், பேர் வேண்டாம், அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார். உண்ணிச்செடியை வெட்டித் தேடவே ஒரு நாள் ஆனது.

திறக்கப் போனபோது ஒரு அம்மா மறித்தார். "சித்திரையில ஒரு குடத்துக்கு நாங்க படுற பாடு தெரியுமா? ஓடையில விடச் சொல்றியா வாத்தியாரே?" அவர் கேட்டதில் தப்பில்லை. 12 நிமிடம் திறந்தால் 3,000 லிட்டர் தாண்டும். ஜல் ஜீவன் கணக்கில் தலைக்கு நாளுக்கு 55 லிட்டர். 50 பேருக்கு மேல் ஒரு நாள் தண்ணீர். ஐப்பசி மழை பெய்து போரில் தண்ணீர் இருந்ததாலும், வெளியே வருவதை அவர் கொல்லைக்கே திருப்புவதாகச் சொன்னதாலும் விட்டார். சித்திரையில் நானே கேட்டிருக்க மாட்டேன்.

முதலில் கேழ்வரகுக் கூழ் மாதிரி வந்தது. எட்டு நிமிடம் போல ஆகித்தான் தெளிந்தது. மறுநாள் கடைசி வீட்டில் சொட்டு விட்டதும் லேசாக நிறம் வந்தது.

எல்லாப் படிவையும் கண்ணை மூடிக்கொண்டு சுரண்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரில் 2014-ல் தண்ணீரை மாற்றியதும், பழைய ஈயக் குழாய்க்குள் காப்பாக இருந்த படிவு அரித்துப் போய், ஈயம் தண்ணீரில் கலந்தது. நம்ம ஊர்க் குழாய் பிவிசி. அந்தப் பயம் இல்லை.

வால்வைச் சுற்றிக் கல் கட்டியாயிற்று. மேலே ஓர் இரும்பு மூடி வேண்டும், இரண்டடிக்கு இரண்டடி, கொக்கி வைத்து. திருப்பத்தூரிலோ போளூரிலோ வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் யாராவது செய்து தந்தால் நல்லது. அளவை நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன். கூலி நான் தருகிறேன், பேரம் பேச மாட்டேன்.