காப்புக் கட்டு

சென்ற ஆண்டு மாரிகாலத்தில் ஓர் இரவு எம் அன்னையார் தலைசுற்றி வீழ்ந்தார். அழைத்த சிறிது நேரத்தில் நோயாளர் காவுவண்டி வந்தது. அதில் வந்த இளைஞர் இருவர், சில்லுகள் பூட்டிய படுக்கையில் அவரைக் கிடத்தி, மார்பு, இடுப்பு, கால் என மூன்றிடங்களிற் பட்டிகளைப் பூட்டினர். அதனோடு அமையாது, இரு தோள்களின் மேலாகவும் பட்டிகளை இழுத்து மார்புப் பட்டியோடு இணைத்தனர்.

“கள்ளரைக் கட்டுறமாதிரிக் கட்டுறியள், தம்பி” என்று அன்னையார் தளர்ந்த குரலில் முனகினார். எமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

“தோட்பட்டியையாவது கழற்றிவிடும், தம்பி” என்றோம்.

“குறை நினையாதேயுங்கோ, ஐயா. அதுதான் முக்கியமான பட்டி” என்றார் அவ்விளைஞர். பட்டிகள் முறுகாது தட்டையாகக் கிடக்கின்றனவா என விரலாற் தடவிப் பார்த்தார்; மூச்சு விட இடைஞ்சல் உண்டா என்று அன்னையாரைக் கேட்டார்; எம் ஆசனப் பட்டியையும் பூட்டச் செய்தார்.

பாதி வழியில் மாடொன்று குறுக்கிட்டது. சாரதி பிறேக்கை அழுத்தினார். எம் மடியிலிருந்த சுடுநீர்ப் போத்தல் பாய்ந்து முன்புறத் தடுப்பில் மோதி வீழ்ந்தது. அன்னையாரோ கிடந்தபடியே கிடந்தார்.

எமக்குப் பெருநாணம் உண்டாயிற்று. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட முதலாம் விதியை இருபது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். வண்டி மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், உள்ளே கிடப்பவரும் செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்திற் செல்கின்றார். வண்டி சட்டென நின்றாலும் அவருடல் நிற்பதில்லை. தலை வண்டியின் முன்பக்கமாக இருத்தலால், உடல் தலைப்பக்கமாகவே வழுக்கும். குறுக்குப் பட்டிகள் மட்டும் அதனைத் தடுக்கப் போதா. தோளை அணைத்த பட்டியே தடுக்கும். கரும்பலகையில் அறிந்ததை அன்னையின் படுக்கையருகில் அறிந்திலேம்.

அன்னையார் நலம்பெற்று வீடு திரும்பியபின், எம் கல்லூரி விளையாட்டறையிலிருந்த ஸ்ரெச்சரை எடுத்துப் பார்த்தோம். ஒரு பட்டியிற் தையல் விட்டிருந்தது. மற்றொன்றின் பூட்டில் மணல் இறுகியிருந்தது. மாணவரோடு கூடி, பட்டிகளை மென்மையான சவர்க்கார நீரிற் கழுவி நிழலில் உலர்த்தினோம். வெளிற்றும் தூளும் கடுவெயிலும் நைலோன் இழையை நலிவிப்பன. பூட்டுகளைத் துப்புரவாக்கி, பலமுறை பூட்டி இழுத்துச் சோதித்தோம். தையல் விட்ட பட்டியை ஊசிநூலால் தைத்துத் தருவதாக ஒரு மாணவன் முன்வந்தான். ஓராளின் பாரத்தைக் கைத்தையலை நம்பி விடலாகாது என விளக்கிப் புதியது வாங்கினோம். வெறும் படுக்கையிலும் பட்டிகளைப் பூட்டியே வைக்கப் பழக்கினோம். தொங்கினால் அவை நிலத்தில் இழுபட்டு அழுக்காகும், சில்லிலும் சிக்கும்.

இவற்றையெல்லாம் அன்னையாரிடம் கூறியபோது, மணிக்கட்டிலிருந்த கௌரிக் காப்பைத் தடவியபடி சிரித்தார்.

“உதுவும் ஒரு காப்புக் கட்டுத்தான், மோனை. நான் தெரியாமல் அந்தப் பிள்ளையைப் பேசிப்போட்டன்.”

பேசியவர் அவர் மட்டுமா?