கற்பாறையில் ஒரு குடில்

இளைப்பாறியபின் எங்கே குடியிருப்பது என்னும் வினா எம் தந்தையார் காலத்தில் எழவில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்தோர் ஓய்வூதியத்துடன் ஊர் மீண்டு, கல்வீடு கட்டி, கோயிற் காரியங்களில் ஈடுபட்டு வாழ்ந்தனர். 1986இல் கனடா சேர்ந்த எமக்கும் அதுவே எண்ணமாயிருந்தது. ஆயினும் எம் பெற்றோரின் வீடு, யாழ்ப்பாண வழக்கப்படி, தமக்கையாருக்குச் சீதனமாகச் சென்றுவிட்டது. எமது இல்லாளின் சீதன வீடோ 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் கூரையையும் கதவுகளையும் இழந்தது. 2015இல் நாம் சென்று பார்த்தபோது சுவரில் ஆல் முளைத்திருந்தது. அயலில் எம்மை அறிந்தவர் இருவரே. பேரப்பிள்ளைகள் ஐவரும் ரொறன்ரோவில். ஆகவே மீளும் எண்ணத்தைக் கைவிட்டு, அவர்கள் காரில் வந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு காணி தேடலாயினோம்.

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது ஹலிபேட்டன் என்னும் பகுதி. பாறையும் ஏரியும் காடுமே அங்குள்ள செல்வம். அனிஷினாபே மக்கள் வேட்டையாடித் திரிந்த அக்காட்டில், 1868இல் ஒன்ராறியோ அரசினர் இலவசக் காணிச் சட்டம் ஒன்றை இயற்றிக் குடியானவர்களைக் குடியேற்ற முயன்றனர். மரங்களை வெட்டி வீழ்த்திய பின்னரே மண் சாணளவும் இல்லையென்பதைப் பலர் கண்டனர், கண்டவர் விட்டகன்றனர். 2019இல் நாம் வாங்கிய மூன்று ஏக்கரிலும் யாரோ ஒருவர் உழவுக்காகப் பொறுக்கிக் குவித்த கற்கும்பி ஒன்று, மேப்பிள் மரங்களிடையே பாசி படிந்து கிடக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தோர்க்குக் கல்நிலம் புதிதன்று. ஆனால் எங்கள் சுண்ணக்கல் தாயைப் போன்றது. மாரி மழையை உறிஞ்சி வைத்திருந்து கோடையிற் கொடுக்கும். இருபது முப்பது அடி வெடிவைத்துத் தோண்டினால் கிணறாகும். ஹலிபேட்டன் பாறையோ வவுனியாப் பாறைக்கு உறவு. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பளிங்குருப்பாறை. அது நீரை உறிஞ்சாது; வெடிப்புக்களிலே மட்டும் ஒளித்து வைத்திருக்கும். வெடிப்பு எங்கேயென்று எவராலும் உறுதி கூற இயலாது. துளையிடும் பொறியுடன் வந்தவர்க்கு அடிக்கு இவ்வளவென்று கூலி. நூறடியில் வெறும் சாம்பல்நிறப் புழுதி, இருநூறடியிலும் அதுவே. "இன்னும் நாற்பதடி போகலாம், அப்பாற் செலவு உங்கள் விருப்பம்" என்றார் அவர். நீர் இல்லாவிடில் காணியை விற்றுவிடுவதென எமக்குள் முடிவாகியிருந்தது. இல்லாள் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு ஒரு பைன் மரத்தடியில் அமர்ந்திருந்தார். 228 அடியிற் புழுதி குழம்பாக மாறிப் பீறிட்டது. அன்று நாம் அருந்திய நீரில் இரும்புச் சுவை இருந்தது, அதுவும் இனித்தது.

நிற்க. பாறை ஒருவகையில் நன்மையும் செய்தது. இந்நாட்டுக் களிமண்ணிலே மாரிகாலத்தில் நீர் உறைந்து, கனவளவு நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகி, அத்திவாரத்தையே கிளப்பிவிடும். ஆதலால் நாலடிக்குக் கீழே தோண்டி அடியிடுவர். எமக்கு அத்தொல்லை இல்லை. பாறையைத் துளைத்து இரும்புக் கம்பி இறுக்கி, அதன்மேல் பதினொரு கொங்கிறீற்றுத் தூண்கள் எழுப்பினோம். பாறை சரிவாகையால் ஒன்று முழங்காலளவு, மற்றொன்று மார்பளவு. ஆனால் மலக்குழிக்கு வேண்டிய மண் அங்கில்லை; லொறி லொறியாக மணல் ஏற்றிவந்து மேடு அமைக்க வேண்டியதாயிற்று. அம்மணலுக்குச் சென்ற பணத்தில் இன்னோர் அறை கட்டியிருக்கலாம்.

குன்றின் உச்சியிலே கட்டினால் ஏரி தெரியும் என்று நண்பரெல்லாரும் கூறினர். நாம் கீழே, பாதையோரமாகவே கட்டினோம். பனி அகற்றும் வாகனம் பொதுப்பாதையில் மட்டுமே வரும். எழுபதைக் கடந்தவர் மேட்டுவழியிற் பனி அள்ளிக் காட்சி காண்பது எமக்கு உவப்பன்று. ஒரே தளம், படிக்கட்டு இல்லை. சக்கர நாற்காலி நுழையும்படி வாசல்கள் மூன்றடி அகலம். வீட்டின் அளவுக்கே மரம் வெட்டினோம்.

வேலை முடியுந் தறுவாயில், 2023 யூனில், அண்மையூர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டது. அடுத்தது இன்னும் அரைமணித்தியாலம் அப்பால். "இஞ்சாருங்கோ, மாரியிலை உங்களுக்கு நெஞ்சுநோ வந்தால் நான் ஆரைக் கூப்பிடுறது?" என்று இல்லாள் கேட்டார். அவ்வினாவுக்குப் பாறையும் பதில் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. இரண்டு நாட் பேச்சுக்குப் பின், மே முதல் ஒக்டோபர் வரை குடிலில், நவம்பர் முதல் ஏப்ரில் வரை மகள் வீட்டில் என்று வகுத்துக்கொண்டோம். ஒக்டோபர் கடைசியில் குழாய் நீரை முற்றாக வடித்துவிட்டு, கறிவேப்பிலைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இறங்குகிறோம்.

விறகுக்கு ஒரு சாய்ப்பு இறக்குவது மட்டும் எஞ்சியுள்ளது. கல்லூரித் தோழர் எவரேனும் இப்பக்கம் வருவதாயின் யூலைக்குப் பின் வருக. மேயிலும் யூனிலும் ஓடைகளிற் பிறக்கும் கருஈக்கள் விருந்தினரென்று பாரா.