வீட்டுக்கு எலக்ட்ரானிக் ட்ரம்ஸ்: ஒரு காது டாக்டரின் வாக்குமூலம்

1/ இன்னிக்கு நோயாளி கதை இல்ல, என் வீட்டுக் கதை. எட்டாவது படிக்கிற மகள் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னா: "அப்பா, எனக்கு ட்ரம்ஸ் கத்துக்கணும்." நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு வாய் சோறு கூடுதலா சாப்பிட்டேன்.

2/ காரணம் இருக்கு. மருத்துவக் கல்லூரியில படிக்கும்போது மெல்லிசைக் குழுவுல ட்ரம்ஸ் வாசிச்சவன் நான். கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழான்னு நாலு வருஷம். காதுல பஞ்சுகூட வெச்சதில்ல. கச்சேரி முடிஞ்சா ராத்திரி முழுக்க காது "ஙொய்ங்"னு இரையும். காலையில சரியாயிடும். சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.

3/ நிஜ ட்ரம்ஸ் அடிக்கிறவர் காதுகிட்ட சத்தம் சாதாரணமா 100 டெசிபலைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு பெரியவங்களுக்கு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியா குறையும். அந்தக் கணக்குல 100ஐத் தாண்டிட்டா பெரியவங்களுக்கே வாரத்துக்கு அரை மணி நேரம்கூட கிடையாது.

4/ அதனால எலக்ட்ரானிக் கிட்தான்னு முடிவாச்சு. நாங்க இருக்கறது திருச்சியில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, ரெண்டாவது மாடி. "ஹெட்போன் மாட்டிக்கிட்டா சத்தமே வராது"ன்னு கடைக்காரர் சொன்னார். நானும் நம்பிட்டேன். தெரிஞ்சவர்கிட்ட ரப்பர் பேட் வெச்ச பழைய கிட் ஒண்ணு சும்மாவே கிடைச்சது.

5/ நாலாவது நாள் கீழ் வீட்டு அம்மா வந்தாங்க. பக்கவாதத்துல படுத்திருக்கிற கணவரைத் தனியா பார்த்துக்கிறவங்க. கோபமே இல்லாம கேட்டாங்க: "டாக்டர் தம்பி, சாயங்காலத்துல உங்க வீட்ல உரல்ல ஏதாவது இடிக்கிறீங்களா? அவர் தூக்கத்துல திடுக் திடுக்குனு முழிச்சுக்கிறார்." எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

6/ விஷயம் இதுதான். காத்துல வர்ற சத்தத்தை ஹெட்போன் தீர்த்துடும். ஆனா கால் பெடலை மிதிக்கும்போது, பேட்ல விழற ஒவ்வொரு அடியும் ஸ்டாண்டு வழியா தரையில இறங்கி கீழ் வீட்டு மேற்கூரையில "தொம் தொம்"னு கேக்கும். மேல இருக்கற நமக்குத் தெரியவே தெரியாது.

7/ ரெண்டு பிளைவுட் பலகைக்கு நடுவுல பழைய டென்னிஸ் பந்துகளை வெச்சு ஒரு மேடை செஞ்சோம். பந்து உருளாம இருக்க பலகையில வட்டமா துளை போடணும், அவ்வளவுதான். கிட் மொத்தமும் அது மேல. மேல ஒரு தடிமனான கம்பளம். அதிர்வுல பெரும்பகுதியை பந்துகளே வாங்கிக்கும்.

8/ அடுத்து, பேட். ரப்பர்ல குச்சி படும்போது "டக் டக்"னு அறை முழுக்க கேக்கும், மணிக்கட்டும் வலிக்கும். வலை மாதிரி நெய்த மெஷ் ஹெட்ல சத்தம் கம்மி, நிஜத் தோல் மாதிரி துள்ளும், இறுக்கத்தையும் மாத்திக்கலாம். ரோலண்ட் 1997ல வி-ட்ரம்ஸ்ல கொண்டுவந்தது. இப்போ அலெசிஸ் நைட்ரோ மெஷ் மாதிரி ஆரம்பநிலை கிட்லயே வந்துடுச்சு. பழைய கிட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு மெஷ் வாங்கினோம்.

9/ வாங்கப் போறவங்க கவனிக்க:
- ஸ்னேர், கிக் ரெண்டும் கட்டாயம் மெஷ்.
- 300 சவுண்டு இருக்கான்னு பார்க்காதீங்க. மெதுவா அடிச்சா மெதுவா, ஓங்கி அடிச்சா ஓங்கி கேக்குதான்னு பாருங்க.
- ஹை-ஹாட் பெடலை பாதி மிதிச்சா பாதி திறந்த சத்தம் வரணும்.
- புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அடிச்ச பிறகு சத்தம் தாமதமா வரும், தாளமே போயிடும். ஒயர் வெச்ச, காதை முழுசா மூடற ஹெட்போன்.

10/ இப்போ முக்கியமானது. எலக்ட்ரானிக் கிட் அக்கம்பக்கத்தைக் காப்பாத்தும். உங்க காதைக் காப்பாத்தணும்னு அதுக்குக் கட்டாயம் இல்ல. வால்யூமை முழுசா திருகினா அந்தச் சத்தம் நேரா காதுக்குள்ள. சத்தத்தால அழியற உள்காது மயிர் செல்கள் மனுஷங்களுக்கு மறுபடி முளைக்காது.

11/ அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மகளுக்கு என் கிளினிக்ல ஆடியோகிராம் எடுத்தேன். எல்லாம் நார்மல். வெளிய வந்தவ சொன்னா: "அப்பா, இப்ப நீங்க உட்காருங்க." இத்தனை வருஷமா ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்த டெஸ்ட். எனக்கு நான் எடுத்ததே இல்ல. பயம்தான், வேற என்ன.

12/ இடது காதுல 4000 ஹெர்ட்ஸ்ல பள்ளம். பாடப் புத்தகத்துல போடற படம் மாதிரி. வாசிக்கும்போது ஹை-ஹாட் இருந்த பக்கம். ராத்திரி ஃபேன் சத்தம்னு நெனச்சுட்டிருந்தது ஃபேன் இல்லன்னு அன்னிக்குத்தான் ஒத்துக்கிட்டேன். மகள் அந்தத் தாளையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் கேட்டா: "இது சரியாகாதாப்பா?" "ஆகாதும்மா. கூடாம பார்த்துக்கலாம்."

13/ வீட்டுக்கு வந்து வால்யூம் குமிழ்ல அவளே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினா. அதைத் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், நடுவுல ஒரு இடைவெளி. வாசிச்சு முடிச்ச பிறகு காது இரைஞ்சாலோ அடைச்ச மாதிரி இருந்தாலோ அன்னிக்கு சத்தம் அதிகம்னு அர்த்தம், ஸ்டிக்கரைக் கீழ இறக்கணும்.

14/ மேடை போட்ட பிறகு கீழ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மகள் மேல வாசிச்சா. காதை வெச்சுக் கேட்டாத்தான் லேசா தெரிஞ்சது. ஆனாலும் ஐயா தூங்கற நேரத்தைக் கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன். அந்த நேரத்துல வாசிப்பு கிடையாது. அந்த அம்மா சொன்னாங்க: "பாப்பா நல்லா கத்துக்கிட்டதும் ஒரு நாள் அவருக்கு வாசிச்சுக் காட்டட்டும்."

15/ பசங்க கேட்டா வேண்டாம்னு சொல்லாதீங்க. வாங்கிக் கொடுங்க. கூடவே காதையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. அவங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்.